முன்னறை ஜன்னலை மூடிய பிறகு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. உன் இருமல் விட்டதா, மாப்பிள்ளைக்கு வேலை நேரம் மாறியதா, குழந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா, எல்லாம் கேட்டதாகவே வைத்துக்கொள். இங்கே நாங்கள் இருவரும் நலம் என்று வழக்கம்போல எழுதிவிடலாம், ஆனால் இன்று அந்தச் சொல்லை எழுதக் கை வரவில்லை. பயப்படாதே, யாருக்கும் புதிதாக ஒன்றும் இல்லை. மாடியில் இருக்கிற சித்தி முட்டிவலியோடு படி ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கிறாள், சொன்னால் கேட்கிற ஆளா அவள். நான் செய்த ஒரு காரியத்தை உன்னிடம் சொல்ல வேண்டும். போனில் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால்தான் கடிதம்.

முன்னறை ஜன்னலுக்கு பிளைண்ட்ஸ், அதான் சங்கிலி இழுத்தால் ஏறி இறங்குகிற திரை, போட்டேன் என்று போனில் சொன்னதும் நல்லதும்மா, வெயில் அடிக்காது என்றாய். வெயிலுக்காகப் போடவில்லை. வாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய நாள் முதல் அப்பாவின் நாற்காலி அந்த ஜன்னலோரம்தான். எதிரே பஸ் ஸ்டாப். ஒருநாள் நான் அவருக்குச் சாப்பாடு ஊட்டிக்கொண்டிருந்தேன், பாதி கடைவாயில் வழிந்தது. ஸ்டாப்பில் நின்ற இரண்டு பெண்களில் ஒருத்தி மற்றவளை இடித்துக் காட்டினாள், இரண்டு பேரும் உச்சுக்கொட்டுவது எனக்குக் கண்ணாடி வழியாகத் தெரிந்தது. முப்பத்தொரு வருஷம் அத்தனை பெரிய பஸ்ஸை ஓட்டிய மனிதர். எனக்கு உடம்பே கூசிப்போயிற்று. மறுநாளே திரை மாட்டுகிறவருக்குச் சொல்லி அனுப்பினேன்.

திரைக்காரர் நிதானமான ஆள். ஜன்னலை மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் அளந்து, பழைய ஜன்னல் கோணலாத்தான் இருக்கும், சின்ன அளவைத்தான் எடுத்துக்கணும் என்றார். துணி மாதிரிகளைப் பிரித்து, இது போட்டா வெளிச்சம் வரும், ஆள் தெரியாது என்று ஒன்றைக் காட்டினார். வேண்டாம், இருக்கிறதிலேயே தடிப்பானதைக் கொடுங்கள் என்றேன். சார் உக்கார்ற எடம், இருட்டடிச்சுடுமேம்மா என்றார். நான் கொஞ்சமும் தயங்காமல், டாக்டர் சொல்லியிருக்காரு, வெளிச்சம் அவர் கண்ணுக்கு ஆகாது என்று ஒரு பொய்யைச் சொன்னேன். அப்பாவுக்குப் பேச்சுதான் போயிற்று, காது நன்றாகக் கேட்கும். என்னையே பார்த்தார். நான் துணி பார்க்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டேன். மாட்ட வந்த அன்று அந்த ஆள் டிரில்லைக் கையில் எடுத்துக்கொண்டு, கொஞ்சம் சத்தம் போடுவேன் சார், பரவாயில்லையா என்று அப்பாவைக் கேட்டார். அப்பா இடது கையைத் தூக்கிச் சரி என்று காட்டினார். ஊர் பேர் தெரியாத அவர் கேட்டார், நான் கேட்கவில்லை. அது போதாதென்று, அப்பா திரையை ஏற்றிவிடக் கூடாதே என்று அதை இழுக்கிற மணிச்சங்கிலியை அவருக்கு எட்டாத உயரத்தில் கட்டியும் வைத்தேன்.

அதன் பிறகு இரண்டு வாய்க்கு மேல் அவர் வாங்கவில்லை. வியாதியின் குணம் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். ஒன்பதாம் நாள் மத்தியானம், அவரோடு ஒரே பஸ்ஸில் ஓடின கண்டக்டர் யூனிஃபார்மோடு வாசலில் நின்றார். மணி அடிக்காமல் கதவைத் தட்டினார். அண்ணி, அண்ணன் இருக்காரா என்று கேட்ட குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. உள்ளேதான் இருக்கிறார் என்றதும் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நம்ம வண்டிங்க எது தாண்டினாலும் ரெண்டு ஹாரன் அடிப்போம், அண்ணன் எடது கையைத் தூக்குவாரு, ஒம்போது நாளா ஜன்னல் மூடியே கெடக்கு, டிப்போல ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க, போன் பண்ணிக் கேக்கவும் பயம்மா இருந்துச்சு என்றார். அந்த ஹாரன் சத்தத்தைத் திட்டிக்கொண்டே நாலு மாதம் பாத்திரம் கழுவியவள் நான்.

ஓடிப்போய்த் திரையை ஏற்றினேன். அப்பா அவரைப் பார்த்துச் சிரித்தார், கோணலாகத்தான், எச்சிலும் வழிந்தது. கண்டக்டர் புது வண்டியின் கியரைப் பற்றிப் பேசிக்கொண்டே, பேச்சை நிறுத்தாமல், தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. அவர் போன பிறகு அப்பாவின் காலருகில் உட்கார்ந்து, பாக்கறவங்களுக்காக உங்களை மறைச்சுட்டேன், பொய் சொன்னேன் என்று சொன்னேன். உடனே மன்னித்தார் என்று எழுத ஆசைதான். அன்று முழுக்க அவர் என் பக்கம் திரும்பவில்லை. மறுநாள் காலையில்தான் ஊட்டு என்பதுபோல வாயைத் திறந்து காட்டினார். திரையைக் கழற்றவில்லை. சங்கிலி இப்போது அவர் இடது கை எட்டுகிற இடத்தில் இருக்கிறது, ஏற்றுவதும் இறக்குவதும் அவர் இஷ்டம்.

பாப்பா, உன்னிடமும் நான் இதையேதான் செய்தேன். கை மட்டும்தான் கொஞ்சம் சரியில்லை என்றேன், முகம் கோணியதையும் பேச்சு போனதையும் சொல்லவில்லை. நீ வீடியோவில் கூப்பிட்டபோதெல்லாம் அப்பா தூங்குகிறார் என்றேனே, ஒரு தடவைகூட அவர் தூங்கவில்லை. எதிரிலேயே உட்கார்ந்து உன் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இருமலுக்கு வெந்நீர் குடி. ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடியோவில் கூப்பிடு, நான் எடுக்க மாட்டேன். முன்பே போனை அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவேன்.

உன்னை ஏமாற்றிய,
அம்மா