தகரத்தில் இடி

சனி, ஐப்பசி 8

டாலிகஞ்சில் இருக்கும் என் குடோனை மிதாலி தீதிக்கு வாடகையில்லாமல் விட்டிருக்கிறேன். ஊர்ப் பிள்ளைகளைச் சேர்த்து நாடகம், படம் என்று அவர் நடத்தும் இடம் அது. இன்று முதல் நாடகம். மேடைத் திரையை இந்தத் தீவுக்குக் கொண்டுவர வேண்டிய கப்பல் சென்னையிலேயே நிற்கிறது. "திரைக்குப் பதிலா மூலையில கிடக்குற தகரத்த எடுத்துக்குங்க" என்று போனில் சொல்லியிருந்தேன். பழைய தகரத்தைத்தான் சொன்னேன்.

மாலையில் போனால், எதிர்மூலையில் இருந்த புதுத் தகரம் முழுக்கக் கடல் வரைந்திருக்கிறார்கள். நடுவில் ஓர் ஆமை. திங்களன்று தருவதாகக் காண்ட்ராக்டர் சண்முகத்திடம் வாக்குக் கொடுத்த சரக்கு.

"என்ன தீதி இது?"

"அரே அண்ணாச்சி, துருவுல பெயின்ட் நிக்காது. நல்லதா பாத்து எடுத்தோம்!"

கத்த வாயெடுத்தேன், நாடகம் தொடங்கிவிட்டது. புயல் காட்சியில் பிள்ளைகள் பின்னாலிருந்து தகரத்தை உலுக்கினார்கள். குடோனே அதிர்ந்தது. முப்பது வருஷமாகத் தகரம் விற்கிறேன், அதற்குள் இடி இருப்பது எனக்குத் தெரியாது.

முடிந்ததும் கூட்டத்திலிருந்து சண்முகம் வந்தான். "என் சரக்குதானே அண்ணாச்சி? ஆமையோடயே ஏத்தி விடுங்க."

"இது விக்கிறதுக்கு இல்லப்பா. என் வீட்டுக்கு வச்சிருக்கிறத எடுத்துக்கோ."

"நீங்களா சொல்றீங்க?" என்று சிரித்தான்.

வீட்டுக்காரியிடம் இன்னும் சொல்லவில்லை. பின்கட்டுக் கூரைக்கு இந்த மழையிலும் தார்ப்பாய்தான்.

நாளை காலை யாரும் வருவதற்கு முன்னால் போய், நானும் ஒருமுறை உலுக்கிப் பார்க்க வேண்டும்.