சாரத்துண்டால் கட்டிய ராட்டினக் கதவு

செவ்வாய், வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு மறுநாள்.

பொங்கலுக்கு வரும் ராட்டினத்தில் வருடம் தவறாமல் ஏறுகிறவள் நான். ஐம்பது தாண்டியும் விடவில்லை. ஆனால் ராட்டினம் என்னைவிட வேகமாகக் கிழடாகிறது. வர்ணம் உரிந்துவிட்டது, அச்சு எண்ணெய் காணாமல் அழுகிறது. இந்த முறை பெட்டிக் கதவில் கொளுக்கிகூட இல்லை. யாரோ இடுப்பில் உடுத்துக் கிழிந்த சாரத்துண்டால் கட்டியிருந்தார்கள்.

"தம்பி, இது கதவோ, சோத்துப் பார்சலோ?" என்று ராட்டினக்காரனைக் கேட்டேன்.

"இறுக்கித்தான் கட்டினனான் அக்கா. நீங்கள் தனியவோ? பெட்டி சரியும், பொறுங்கோ."

ஒரு மண்மூட்டையைத் தூக்கி என் பக்கத்தில் இருத்தினான். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"நல்ல மாப்பிள்ளை, எதிர்த்துக் கதைக்காது" என்றேன். இன்னும் சிரித்தார்கள்.

உச்சிக்குப் போனதும் ராட்டினம் நடுங்கி நின்றுவிட்டது. கீழே யாரோ சுத்தியலால் அடிக்கும் சத்தம் கேட்டது. எங்கள் ஊர்க் கலியாணத் தரகர் தையல் ரீச்சரோடு ஐஸ்கிறீம் குடிப்பது மேலேயிருந்து வடிவாகத் தெரிந்தது. வேறொரு நாளென்றால் ஒரு கிழமை வம்பளக்க அதுவே எனக்குப் போதும். இன்று சாரத்துண்டைப் பிடித்தபடி, விழுந்தால் முதலில் யாருக்கு அறிவிப்பார்கள் என்று யோசித்தேன். ஒரு பெயரும் வரவில்லை.

ஒருவழியாக இறங்கியதும் ராட்டினக்காரனிடம் போனேன். "கொளுக்கி போடாவிட்டால் வாற வருசம் நான் ஏறமாட்டன், சொல்லிப்போட்டன்."

"போன வருசமும் இனி ஏறமாட்டன் எண்டுதானே அக்கா சொன்னனீங்கள். இதே பச்சைச் சேலையோட."

ஒரு வருடம் முழுக்க என்னை ஞாபகம் வைத்திருந்த ஒரே ஆள், கதவுக்குச் சாரம் கட்டுகிறவன்.