நானூற்று முப்பத்திரண்டு லீற்றர்

பெப்ரவரி 10, திங்கள்

மலசலகூடத்தில் தண்ணீர்ச் சத்தம் நிற்கவேயில்லை. பிளஷ் அமுக்கி ஒரு மணி நேரமாகியும், அடுத்த அறையில் யாரோ அரிசி களைவதுபோல. எப்போது தொடங்கியது? தெரியாது. இடது காது சரியில்லை என்பதை இங்கே மட்டும் எழுதலாம்.

மேல் தாங்கி இன்று காலையும் அரைவாசிதான். கீழ் வீடுகள் நான்குக்கும் விடும் நேரத்தை ஒன்றரை மணியிலிருந்து முக்கால் மணியாகக் குறைத்துப் பதினைந்து நாளாகிறது. என் வீட்டு வால்வு மட்டும் நாள் முழுக்கத் திறந்திருக்கும். குழாயை மூடாமல், காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்கு ஓடுகிறார்கள். தண்ணீரை வீணாக்காதீர் என்று தாங்கியில் நான் ஒட்டிய அறிவித்தலை யாரும் வாசிக்கவில்லையா? கொன்வென்ட்டில் பரிசு வாங்கிய எழுத்து அது. வால்வுச் சாவி, தேயிலைத் தோட்டத்துப் பெரிய கிளாக்கராக இருந்த என் கணவர் காலத்திலிருந்தே நம்மிடம்தான். பெரிய கிளாக்கர் வீட்டில் நியாயம் தவறாது என்று எல்லாரும் ஒப்புக்கொண்டது.

பெப்ரவரி 11

மஸ்கெலியாவிலிருந்து குழாய் திருத்தும் பைப் பாஸ் யோகேஸ்வரன் வந்தார். பிளஷ் பெட்டியின் மூடியைத் தூக்கிய வேகத்திலேயே வைத்தார். முழு செட்டும் மாற்ற வேண்டுமாம், கூலியோடு பதினெட்டாயிரம். எந்தப் பாகம் கெட்டது என்று கேட்டேன்.

"பழசுங்கம்மா. எல்லாந்தான்."

பழையது என்பது ஒரு பழுதின் பெயரல்ல. எனக்கும் எழுபத்தாறு. வந்ததற்கு ஆயிரம் கொடுத்து அனுப்பினேன்.

கொழும்பிலிருந்து மகன் கஜதீபன், மாற்றிவிடுங்கள், காசு நான் அனுப்புகிறேன் என்றான். காசு இல்லையென்றா சொன்னேன்?

பெப்ரவரி 13

நானே மூடியைத் திறந்தேன். இத்தனை வருடம் இதன்மேல் பூச்சாடி வைத்திருக்கிறேன், உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. எவ்வளவு எளிய, கெட்டிக்கார ஏற்பாடு! தண்ணீர் ஏற ஏற ஒரு மிதவை மேலே வந்து, வரும் வழியை அடைக்கிறது. அடியில் ஒரு ரப்பர் வாஷர் போகும் வழியை அடைக்கிறது. இரண்டில் ஒன்றுதான் பொய் சொல்கிறது. எது?

துணிக்குப் போடும் நீலத்தைப் பெட்டியில் கரைத்துவிட்டுக் காத்திருந்தேன். பிளஷ்ஷைத் தொடவில்லை. ஐந்து நிமிடத்தில் கீழே பீங்கானில் நீலக்கோடு.

வாஷர்!

பெப்ரவரி 15

எவ்வளவு போகிறது என்று பார்க்கும் ஆசை வந்தது. வரும் தண்ணீரை மூடி, நீர்மட்டத்தில் பென்சில் கோடு போட்டு, பத்து நிமிடம் விட்டேன். மறுபடி கோடு வரை நிரப்ப லீற்றர் ஜக்கால் மூன்று ஜக். மணிக்குப் பதினெட்டு. நாளுக்கு நானூற்று முப்பத்திரண்டு.

மேல் தாங்கியே ஆயிரம் லீற்றர்தான். ஐந்து வீட்டுக்கு.

இரண்டு முறை பெருக்கிப் பார்த்தேன். கணக்குச் சரி.

பெப்ரவரி 16, ஞாயிறு

அறிவித்தலைக் கிழித்துவிட்டு வந்தேன். அது போதுமா?

போதாது.

பெப்ரவரி 17

பஸ் முழுக்க மலையேற நல்லதண்ணிக்குப் போகும் யாத்திரிகர்கள், நின்றபடியே மஸ்கெலியா போனேன். பழைய வாஷரைச் சவர்க்காரப் பெட்டியில் வைத்துக்கொண்டு போனது நல்லதாயிற்று. கடையில் நிலக்ஷி என்ற பெண் அளவு வைத்துப் பார்த்து எடுத்துத் தந்தாள். இருநூற்றெண்பது ரூபாய். மாட்ட இரண்டு மணி நேரம், ஒரு நகம் போயிற்று. சுவரைப் பிடித்து எழும்பியபோது வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

பெப்ரவரி 18

விடியற்காலை. கீழ் வீட்டு வேலாயி ஊற்றுப் பீலியிலிருந்து இரண்டு கேனில் தண்ணீர் தூக்கிக்கொண்டு ஏறி வந்தாள். இனிமேல்தான் கொழுந்து பறிக்கப் போகவேண்டும். வழியில் நின்றேன். எழுதி ஒட்டலாம் என்றுதான் முதலில் நினைத்தேன் — கோழைத்தனம்.

"வேலாயி, தண்ணிய வீணாக்குனது நீங்க இல்ல. என் வீட்டு கக்கூஸ்."

கேனை இறக்கி வைத்தாள்.

"தெரியுங்கம்மா. ஒங்க கக்கூஸ் குழிக்குக் கீழ இந்த வெயில்லயும் புல்லு தளதளன்னு நிக்குதே. அத அறுத்துதான் எங்க மாடு திங்குது."

"தெரிஞ்சா ஏன் சொல்லல?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா? நோட்டீஸ்ல எங்க பேரையும் சேத்து எழுதியிருப்பீங்க."

எழுதியிருப்பேன்.

சாவியை நீட்டினேன். உடனே வாங்கவில்லை. யோசித்துவிட்டு, "மாசத்துக்கு ஒரு வீடுன்னு வச்சுக்குவோம். அடுத்த மாசம் எங்க மொற" என்றாள். இந்த மாதம் முடியும்வரை நான்தான் திறக்க வேண்டுமாம், முழுசாக ஒன்றரை மணி.

பெப்ரவரி 21

ஐந்து மணிக்குப் போனபோது தாங்கி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

மார்ச் 2, ஞாயிறு

சாவி வேலாயி வீட்டில். இப்போது எனக்கும் தண்ணீர் அவள் திறக்கும்போதுதான். நேரம் தவறுவதில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

மத்தியானம் ஆளனுப்பினாள். அவர்கள் வீட்டுப் பெட்டியும் ஓடுகிறதாம். யோகேஸ்வரன் அங்கும் பதினெட்டாயிரம் சொன்னாராம். திருகாணி முடுக்கி, நீலம், பென்சில், ஜக் எல்லாம் பையில் போட்டுக்கொண்டு படி இறங்கினேன். இந்த வீட்டுக்கு வந்து முப்பத்தொரு வருடம், இன்றுதான் அந்தப் படி.

வாஷர்தான். பத்து நிமிடத்துக்கு ஒரு ஜக். என்னுடையதில் மூன்றில் ஒரு பங்கு என்று சொன்னேன்.

"அப்ப இதுலயும் நீங்கதான் மொதல், கிளாக்கரம்மா."

வீடே சிரித்தது. தேத்தண்ணீரில் சீனி அதிகம், சொல்லவில்லை.

நாளை மஸ்கெலியாவில் நான்கு வாஷர் வாங்க வேண்டும். மற்ற மூன்று வீட்டையும் இன்னும் அளக்கவில்லை.