இரண்டாவது ஜாய்ஸ்டிக்

மழைக்காலத்தில் இந்தப் போபோடி ஊரில், நம் வீட்டில் எதை எடுத்தாலும் பூஞ்சை. இன்று அலமாரியை ஒழித்தபோது உங்கள் வீடியோ கேம் பெட்டியும் வெளியே வந்தது. டிவியில் மாட்டிப் பார்த்தேன். சூடேறும் தூசியின் மணம் எழுந்ததும், நாற்காலியை டிவிக்கு மிக அருகில் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கும் உங்களைக் கண்டிக்க வாயெடுத்துவிட்டேன்.

அலமாரியை ஒழித்த காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டையிலிருந்து அண்ணன் மறுபடி எழுதியிருக்கிறார். மாடி அறைக்கு வெள்ளையடித்தாயிற்றாம், என்னை வந்து கூட்டிப்போகிறாராம். இந்த முறை என்னால் உடனே மறுத்து எழுத முடியவில்லை.

நீங்கள் ஓய்வு பெற்ற ஆண்டு உங்கள் அக்காள் மகன் துபாயிலிருந்து கொண்டுவந்த பெட்டி அது. அறுபதை நெருங்கும் மனிதர் காபி ஆறுவது தெரியாமல் ஒரு பொம்மை வீரனைக் கோபுரத்தில் ஏற்றிக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்கவே இல்லை. உச்சி ஜன்னலில் ஓர் இளவரசி கையை ஆட்டிக்கொண்டே நிற்பாள். படிக்கட்டின் அடியில் ஒரு பூதம். வீரன் அதைத் தாண்டி மேலே போய்விட்டால் இசை ஒலிக்கும், ஓர் இதயம் தோன்றும், பிறகு எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டே நான் குறை சொல்வேன். கதவைத் தட்டாமல் ஒரு பெண்ணின் அறைக்குள் நுழைவது என்ன பழக்கம் என்று கேட்டேன். கான்வென்ட்டில் எங்களை அப்படி வளர்க்கவில்லை. அவனைவிட அவள்மேல்தான் எனக்குக் கோபம்.

"கால் ரெண்டும் நல்லாத்தானே இருக்கு? கதவு பூட்டியிருக்கான்னு ஒரு தடவையாவது தள்ளிப் பார்த்தாளா?"

நீங்கள் பெட்டியின் அடியில் உறை பிரிக்காமல் கிடந்த இரண்டாவது ஜாய்ஸ்டிக்கை எடுத்து மாட்டி என் கையில் கொடுத்தீர்கள். "அப்போ நீயே தள்ளிப் பாரு, டீச்சர்."

அசைத்தேன். அவள் ஜன்னலை விட்டு நகர்ந்தாள். கதவைத் தாண்டி, ஒவ்வொரு படியாக இறங்கினாள். பூதம் அவளைத் தொடவே இல்லை. அவள் அந்த வழியே வருவாள் என்று அந்த ஆட்டத்தைச் செய்தவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். வீரனின் பக்கத்தில் வந்து நின்றாள். இசை ஒலிக்கவில்லை, இதயமும் வரவில்லை.

"இறங்கி வந்துட்டாளே," என்றீர்கள். "இனி எனக்கு என்ன வேலை?"

"கூட நடந்து வாங்க, போதும்," என்றேன்.

அதன்பிறகு மாலைதோறும் இருவரையும் திரையின் ஓரம்வரை நடத்திக்கொண்டு போய்த் திருப்பிக் கூட்டி வருவோம். ஒரு புள்ளிகூடக் கிடைக்காத ஆட்டம். அது முடிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு நாமும் ரயில்வே கேட் வரை போய்வருவோம். உங்கள் மூட்டுவலிக்காக மெதுவாக நடப்பதாகச் சொல்வேன். மூச்சு வாங்கியது எனக்குத்தான்.

உங்களை அடக்கம் செய்த வாரமே அண்ணன் எனக்கும் சேர்த்து ரயில் டிக்கெட் எடுத்துவிட்டார். "ஒத்தப் பொம்பள இந்த ஊர்ல கெடந்து என்ன செய்யப் போற? பெட்டியக் கட்டு," என்றார். நான் எங்கும் அடைபட்டுக் கிடக்கவில்லை என்று சொல்லி அவரைத் தனியாக அனுப்பினேன். சொன்னது சரிதான். ட்யூஷன் பிள்ளைகள் என் குரலுக்கு இன்னும் பயப்படுகிறார்கள். ஆனால் சாயங்காலம் அவர்கள் போனபின் தமிழில் ஒரு வார்த்தை பேச ஆளில்லை. கடையில் இந்தி, பக்கத்து வீட்டில் மராட்டி, ஜெபத்தில் மட்டும் தமிழ். இதை அண்ணனிடம் சொல்ல மாட்டேன். உங்களிடம் சொல்லலாம்.

இன்றும் அவளைக் கீழே இறக்கிக் கொண்டுவந்தேன். வீரன் நின்ற இடத்திலேயே நின்றான். உங்கள் ஜாய்ஸ்டிக்கை இடது கையால் அசைத்துப் பார்த்தேன். அவன் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டான். விட்டுவிட்டு, அவளை மட்டும் ஓரம்வரை நடத்தினேன். திரும்ப மேலே ஏற்றிவிட எனக்கு மனம் வரவில்லை.

டிவியை அணைத்துவிட்டு அண்ணனுக்கு எழுத உட்கார்ந்தேன். எதையும் யாரிடமும் கேட்டு எனக்குப் பழக்கமில்லை என்பது உங்களுக்குத் தெரியும். எழுதி எழுதிக் கிழித்தேன். கடைசியில் எழுதியதை இப்போதுதான் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். கூட்டிப்போக வர வேண்டாம், அந்த அறையில் அவருடைய மருமகளே புழங்கட்டும் என்று எழுதியிருக்கிறேன். அதன் கீழே அண்ணனுக்கு இதையும் எழுதினேன்: மழை விட்டதும் வந்து கொஞ்ச நாள் இருங்கள். மாலையில் ரயில்வே கேட் வரை போக வேண்டும். கூட நடந்து வந்தால் போதும்.