ஒன்பது லாரித் தொப்பிகள்

8 ஜூன் 1981, திங்கள்

காலையிலிருந்தே அனல். மேற்குக் காற்று. பட்டறைக் கூரைத் தகரம் ஓயாமல் தடதட. பஸ் வரைபடம் புதன்கிழமைக்குள் முடிக்க வேண்டும். வியாழன் ஆரணி பஸ் முதலாளி வருகிறார். பன்னிரண்டு பஸ். கிடைத்தால் இதுவரை வந்ததிலேயே பெரிய வேலை.

வாங்க: கம்பளி நூல் (சிவப்பு), கோந்து, பென்சில் 2H, கோமதிக்குத் தலைவலி மாத்திரை.

பஸ்ஸில் காற்று லாரி மாதிரி போவதில்லை. லாரிக்கு எளிது. கேபின் தாழ்வு, பின்னால் லோடு உயரம். அந்த லோடு மேல் மோதும் காற்றை, கேபின் தலையில் ஒரு சாய்வுத் தகடு வைத்து மேலே தள்ளிவிட்டால் போதும். எஞ்சினுக்குப் பாரம் குறையும், டீசல் கம்மியாகும். டிரைவர்கள் அதற்கு வைத்த பெயர் தொப்பி. பஸ்ஸில் கூரை மேல் சாமான் கேரியர். சில நாள் கட்டில், சில நாள் கோழிக்கூடை, சில நாள் காலி. எதற்கு அளவு எடுப்பது?

பதினொரு மணிக்கு கோவிந்தன் வந்தான். அரிசி மில் லாரி டிரைவர். முதல் தகடு போட்டது அவன் வண்டிக்குத்தான்.

"சார், அறுபதுக்கு மேல மிதிச்சா தொப்பி கிர்ருனு கத்துது. இன்னானு பாருங்க."

ஏறிப் பார்த்தேன். தகட்டைத் தாங்கும் நான்கு கால்களில் இடது முன் கால். பட்டை இரும்பை வளைத்த இடத்தில் ஒரு கோடு. முடி கனம். நகம் வைத்தால் மாட்டியது.

"பெயின்ட் வெடிச்சிருக்கு. போயிட்டு வா, வந்ததும் பாத்துக்கலாம்" என்றேன்.

பெங்களூர் லோடு. வெள்ளிதான் திரும்புவான். கிளம்பிவிட்டான். வண்டி தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அது பெயின்ட் இல்லை.

9 ஜூன், செவ்வாய்

தூக்கம் சரியில்லை. காற்று நிற்கவில்லை.

பட்டறையில் மீதியிருந்த கால் ஒன்றை வைஸ் பிடியில் இறுக்கி முன்னும் பின்னும் ஆட்டினேன். எண்ணிக்கொண்டே. முந்நூறு தாண்டவில்லை, வளைவில் அதே கோடு. இன்னும் ஆட்டினேன். ஒடிந்து கையில் வந்தது.

போல்ட் துளை வளைவுக்கு மிக அருகில். வரைந்தது நான். இரும்பு கனத்தையும் குறைத்தது நான், எடை வேண்டாம் என்று. வெல்டிங் சாதிக் பாய் அன்றே சொன்னார், "தம்பி, இது பத்தாது, கால் இஞ்சு கனத்துல போடலாம்." மெட்ராஸில் பஸ் பாடி கட்டும் கம்பெனியில் ஆறு வருடம் டிராப்ட்ஸ்மேன் வேலை பார்த்தவனுக்கு வெல்டர் சொல்லித் தருவதா என்று நினைத்தேன். நினைத்ததை எழுதிவிடுகிறேன், யார் படிக்கப் போகிறார்கள்.

எங்கெங்கே:
கோவிந்தன் – 1
கீழ்பென்னாத்தூர் ஏகாம்பரம், மல்லாட்டை (வேர்க்கடலை) மண்டி – 3
உள்ளூர் – 2
போளூர் – 2
சித்தூர்க்காரருக்குக் கைமாறிய வண்டி – 1

மொத்தம் ஒன்பது. ஐந்தடி அகலத் தகடு. அறுபது மைல் வேகம் வேண்டாம், அறுபது கிலோமீட்டரிலேயே கழன்றால் என்ன ஆகும்? கணக்குப் போடத் தெரியும். போடவில்லை.

கோமதி பள்ளிக்கூட வேலை முடிந்து வந்ததும் கேட்டாள். "இன்னாங்க, சாப்பாடு அப்படியே இருக்குது?" சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும்.

"அப்ப கழட்டுங்க."

"வியாழக்கெழம ஆரணிக்காரர் வராரு. அதுக்கு முன்னால ஊரெல்லாம் போய்க் கழட்டுனா?"

கீரையை ஆயத் தொடங்கினாள்.

10 ஜூன், புதன்

கீழ்பென்னாத்தூர். பஸ்ஸில் போனேன். ஸ்பேனர் செட் பையில்.

ஏகாம்பரம் வண்டிகள் மூன்றும் மண்டியில் நின்றன. சும்மா பார்க்க வந்தேன் என்றேன். ஏறி ஏறிப் பார்த்தேன். இரண்டில் கோடு. ஒன்றில் இரண்டு கால்களிலும்.

அவர் கீழே நின்று மூட்டைக்காரர்களிடம் என்னைக் காட்டிப் பெருமை பேசினார். "இவருதான். தொப்பி போட்டதுலேந்து டீசலு அவ்ளோ மிச்சம். என் மச்சான் நம்பல, இப்ப அவனும் கேக்கறான்." கலர் சோடா ஊற்றிக் கொடுத்தார். பை மடியில் கனத்தது. கழற்றவில்லை. மரை மட்டும் இறுக்கிவிட்டு வந்தேன். விரிசலை மரை இறுக்கி என்ன பயன்? கை ஏதாவது செய்ய வேண்டியிருந்தது.

திரும்பும்போது பஸ்ஸுக்கு முன்னால் ஒரு லாரி. கூரையில் தார்ப்பாய் முனை அடித்துக்கொண்டே போனது.

11 ஜூன், வியாழன்

ஆரணிக்காரர் பத்து மணிக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல், நல்ல மனிதர். படத்தைப் பொறுமையாகப் பார்த்தார். வண்டிக் கூரையில் கம்பளி நூல் ஒட்டிப் பார்ப்பதை விளக்கினேன்: நூல் நேராகப் படுத்தால் காற்று ஒழுங்காகப் போகிறது, துள்ளினால் சுழல். சிரித்தார்.

கோமதி காபி கொண்டுவந்த நேரம் பார்த்து அவர் கேட்டார். "லாரில போட்டதுல ஏதாவது கம்ப்ளெயின்ட் வந்துச்சா?"

"அப்படி எதுவும் இல்லீங்க."

டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனாள். அவர் முதல் பஸ்ஸை அடுத்த வாரம் அனுப்புகிறேன் என்று கை குலுக்கினார்.

அவர் போன பிறகு அவள் வாசலில் நின்று சொன்னது: "பஸ்ஸு பின்னால சைக்கிள்ல வர்றவன் யாருனு நமக்குத் தெரியுமா?" அவ்வளவுதான். காலை மட்டும்தான் லீவு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிட்டாள்.

சந்தோஷப்பட வேண்டிய நாள். படத்தைச் சுருட்டி அலமாரி மேல் போட்டேன்.

12 ஜூன், வெள்ளி

பன்னிரண்டு மணியிலிருந்து செங்கம் ரோட்டில் புளியமரத்தடி. கோவிந்தன் வண்டிக்காக. ஒவ்வொரு லாரியாகத் தலையைப் பார்த்தேன். மூன்று மணிக்கு வந்தான்.

தகடு இல்லை. கேபின் மேல் முன் கால்கள் இரண்டும் குட்டையாக ஒடிந்து நின்றன. பின்கால்கள் துளையோடு பிய்ந்து போயிருந்தன.

"எங்கடா?"

"தெரில சார். ஊத்தங்கரைல டீ குடிச்சப்ப இருந்துச்சு. செங்கத்துல எறங்கி டயரு தட்னேன், அப்ப பாத்தா இல்ல. நடுவுல எங்கியோ போயிருக்கு."

"பின்னால யாரு வந்தா?"

"ரெண்டு பஸ்ஸு. ஒரு புல்லட்டு ரொம்ப நேரம் பின்னாலயே வந்துது, ஒருத்தர், பொஞ்சாதி, கொழந்த. அப்புறம் காணோம். முந்திட்டுப் போனாங்களா, நின்னாங்களானு கவனிக்கல."

காணோம். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டே வீடு வந்தேன். அவனைத் திட்டினேனா என்று கூட நினைவில்லை. நான் திட்ட என்ன இருக்கிறது, திங்கட்கிழமை அனுப்பியது நான்.

13 ஜூன், சனி

விடிந்ததும் சாதிக் பாய் வீட்டுக்குப் போனேன். ஒடிந்த காலைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்வார் என்று நின்றேன். சொல்லவில்லை. "வண்டிய எடுக்கறேன், ஏறு தம்பி" என்றார்.

அவர் ஸ்கூட்டரில் செங்கம். முதலில் ஆஸ்பத்திரி. நேற்று ரோட்டில் அடிபட்டு யாராவது? இல்லை. போலீஸ் ஸ்டேஷன் வாசல்வரை போனேன். உள்ளே போகக் கால் வரவில்லை. பாய் போய்க் கேட்டு வந்தார். அங்கும் ஒன்றும் இல்லை. புல்லட்? டீக்கடை டீக்கடையாக விசாரித்தோம். நான்காவது கடையில் ஒருவர்: "புல்லட்டா, குடும்பமா? இங்கதான் நேத்து வட தின்னுட்டுப் போனாங்க, கொழந்த பலூன் கேட்டு அழுதுது." கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். பாய் என் முதுகில் கை வைத்தார்.

அதே கடைக்காரர்தான் சொன்னார், அந்தப் பக்கம் கொல்லை நிலத்தில் ஏதோ ஏரோப்ளேன் துண்டு விழுந்ததாம்.

ரோட்டிலிருந்து நூறடி. வேப்பமரம். சாம்பல் பெயின்ட் தெரிந்தது: ஆட்டுக் கொட்டகை மேல் கூரையாக வைத்து, பறக்காமல் கல் ஏற்றியிருந்தார்கள். முப்பது வயதுப் பெண், கையில் களைக்கொத்து. கைக்குழந்தை மரத்தில் தூளியில்.

"நேத்து நானு அந்தாண்ட களை கொத்திக்கினு இருந்தேன். விர்ருனு சத்தம். திரும்பறதுக்குள்ள வந்து மரத்துல மோதிச்சு. பாருங்க."

பார்த்தேன். மரப்பட்டை உரிந்து வெள்ளை தெரிந்தது. தூளிக்கும் அதற்கும் என் கையால் ஒன்றரை முழம்.

"பிளேன்ல வந்தவங்க நல்லா இருக்காங்களா சார்? அதத்தான் நேத்துலேந்து நெனச்சிக்கினு கீறேன்."

பாய் தரையைப் பார்த்தார். நான் சொன்னேன்: "பிளேன் இல்லம்மா. லாரியோடது. நான் செஞ்சது. நான் செஞ்ச தப்பு."

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் போய்த் தூளியை அவிழ்த்துக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டாள். கத்துவாள் என்று காத்திருந்தேன்.

"இது மாதிரி இன்னும் எத்தினி சுத்துது?"

"எட்டு."

"அப்ப இங்க இன்னா நின்னுக்கினு கீற?"

14 ஜூன், ஞாயிறு

ஆரணிக்காரருக்குக் கடிதம். நான்கு தடவை கிழித்தேன். ஐந்தாவது: கம்ப்ளெயின்ட் உண்டு, அன்று பொய் சொன்னேன், ஒரு தகடு பறந்துவிட்டது, பஸ்ஸை அனுப்ப வேண்டாம். கோமதி படித்துவிட்டு மடித்து, தானே போய்ப் பெட்டியில் போட்டாள்.

உள்ளூர் இரண்டும் கழற்றியாயிற்று. ஒருவர் கெட்ட வார்த்தை. ஒருவர் தலையசைத்ததோடு சரி.

16 ஜூன், செவ்வாய்

ஏகாம்பரம் 3 – ஆயிற்று. உண்மையைச் சொன்னேன். முகம் மாறிவிட்டது. "அன்னிக்கு என் எதிர்லயே ஏறிப் பாத்தியே, அப்பவே தெரியுமா உனக்கு?" தெரியும் என்றேன். என்னிடமிருந்து திரும்பி, வேலையாளை ஏணி பிடிக்கச் சொன்னார்.

போளூர் 2 – ஆயிற்று. ஒன்று கையோடு வந்துவிட்டது, இழுக்கக்கூட இல்லை.

மீதி ஒன்று. சித்தூர். விலாசம் புரோக்கர் மூலம் கிடைத்தது. காற்று இன்று இன்னும் ஜாஸ்தி. தகரம் அடிக்கும் ஒவ்வொரு முறையும் எழுந்து உட்காருகிறேன்.

18 ஜூன், வியாழன்

சித்தூர் போய்விட்டு வேலூர் வழியாகத் திரும்பும் பஸ்ஸில் எழுதுகிறேன். எழுத்து ஆடுகிறது.

காலை ஒன்பதுக்கு லாரி ஸ்டாண்டில் பிடித்தேன். வெல்ல லோடு ஏற்றிக் கிளம்பத் தயார். டிரைவருக்குத் தமிழ் கொஞ்சம்தான். விரிசலைக் காட்டி, தகட்டைக் கையால் அசைத்துக் காட்டினேன். அவனே "அய்யய்யோ" என்று மேலே ஏறிப் பிடித்துக்கொண்டான். ஒன்பதாவது. கீழே இறக்கிச் சுவரோடு சாய்த்து வைத்து, ஸ்பேனர்களைப் பையில் போட்டேன். அந்த டிரைவர் தண்ணீர் கொடுத்தான். முடிந்தது என்று நினைத்தேன். பத்து நாளில் முதல் முறையாகப் பசி. நான்கு இட்லி.

முன் ஸீட். கண்ணமங்கலம் தாண்டி. சற்று முன்பு எதிரே ஒரு லாரி, வைக்கோல் லோடு, நல்ல வேகம். தலையில் தொப்பி.

பச்சைப் பெயின்ட். என்னுடையவை எல்லாம் சாம்பல். என்னுடையது இல்லை. ஆனால் சாய்வு என்னுடையது. வளைவு என்னுடையது. கடந்த ஒரு நொடியில் பார்த்தேன், கால்களும் என்னுடையவை, அதே மெல்லிய பட்டை, போல்ட் அதே இடத்தில். யாரோ அளவெடுத்து அப்படியே அடித்திருக்கிறார்கள். எந்தப் பட்டறை? எத்தனை அடித்தார்கள்? யாருக்கெல்லாம் விற்றார்கள்?

நம்பர் படிக்க முடியவில்லை. வேலூர் பக்கம் போகிறது. டிரைவரிடம் பஸ்ஸை நிறுத்தச் சொல்லிவிட்டேன். நிறுத்துகிறார்.