தையல் வெளியே இருக்கும் சட்டை

மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் ஏதோ இருக்கிறோம். நீயும் ஜெயிலில் வேளைக்குச் சாப்பிட்டு, இருமல் குறைந்து, யார் வம்புக்கும் போகாமல் இருப்பாய் என்று நினைக்கிறேன்.

உன் கடிதம் வந்தது. "அன்னைக்கு ஏதோ நடந்துபோச்சும்மா" என்று எழுதியிருக்கிறாய். தானாக நடந்து போக அதற்குக் கால் இருந்ததா? உன்னைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று சொன்ன பெண்ணின் மேல், கடையில் ஆசிட் கேட்டு வாங்கி, பையில் மறைத்து எடுத்துப் போய், நீ ஊற்றினாய். அப்படி எழுதிப் பழகு. உன் அத்தை வந்து "அறியாத வயசு, பாவம்" என்று மூக்கைச் சிந்தினாள். தாடி வழிக்கிற வயசில் என்ன அறியாமை என்று கேட்டேன், அன்றோடு வருவதில்லை, காபிப்பொடி மிச்சம். அப்பா உன் பேச்சையே எடுப்பதில்லை. உன் பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார், ஏன் என்று கேட்டால் "தேஞ்சு ஒழியட்டும்" என்கிறார். போன வாரம் வார் அறுந்தது, ஒழிந்தது என்று பார்த்தால் அவரே கொண்டுபோய்த் தைத்து வாங்கி வந்திருக்கிறார்.

அந்தப் பெண்ணிடம் பேசி, மன்னித்துவிட்டதாக எழுதி வாங்கினால் உன்னைச் சீக்கிரம் விட்டுவிடுவார்கள் என்கிறாய். அவள் என் தையல் கடைக்கு வருகிறாள், உனக்குத் தெரியாது. முதலில் நான்தான் அவள் வீட்டுக்குப் போனேன், அவள் அம்மா முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினாள், நியாயம்தான். பிறகு ஒருநாள் அவளே வந்து, "கையைத் தூக்க வரல, தலை வழியா எதையும் போட முடியல. தையல் பட்டா கழுத்து எரியுது. உங்களுக்கு இதுக்குத் தகுந்த மாதிரி தைக்க வருமா" என்று கேட்டாள். முன்பக்கம் முழுக்கத் திறக்கிற மாதிரி வெட்டி, உள்ளே வரவேண்டிய தையலையெல்லாம் வெளியே வைத்துத் தைத்துக் கொடுத்தேன். சட்டையைத் திருப்பிப் போட்டிருக்கிறாள் என்று சிலர் சிரிக்கிறார்களாம், சிரிக்கட்டும் என்கிறாள். கண்ணாடியைத் துணி போட்டு மூடப் போனேன், "மூடாதீங்க, தோள் சரியா உக்காந்திருக்கான்னு பாக்கணும்" என்றாள். அவளிடம் போய் உனக்காகக் கையேந்த மாட்டேன். அவள் என்னிடம் கேட்டது, "அவன் வெளிய வர்ற நாளை முன்னாடியே சொல்லிடுங்க, அப்புறம் நான் வீட்டை விட்டு வரமாட்டேன்" என்பது மட்டும்தான். "நீ ஏன் அடைஞ்சு கிடக்கணும், அவன் இந்தத் தெருவை மிதிக்க மாட்டான்" என்று அவளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன்.

உன் மேல் பாசம் அற்றுப்போயிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். போய்த் தொலையவில்லை. துணியை விரித்தால், அளவு பார்க்காமலே கை உன் சட்டையை வெட்டுகிறது. அதே கையால் அவளுக்கும் தைக்கிறேன், எப்படி முடிகிறது என்று எனக்கே தெரியவில்லை. நீ வெளியே வரும் அன்று ஜெயில் வாசலில் புதுச் சட்டையோடு நிற்பேன். போட்டுவிட்டு, வயிறாரச் சாப்பிட வைத்து, வேறு ஏதாவது ஊருக்கு பஸ் ஏற்றிவிடுவேன். வீட்டுக்கு நீ வரக் கூடாது.

வெந்நீர் கேட்டு வாங்கிக் குடி. நோய்நொடி இல்லாமல் இரு, அதற்கு மேல் உன்னை என்ன சொல்லி வாழ்த்துவது என்று தெரியவில்லை. மறக்காமல் கழுத்து அளவை எழுது, இளைத்திருப்பாய். உன் சட்டைக்குத் தையல் வழக்கம்போல் உள்ளேதான் இருக்கும். உறுத்தினால் உறுத்தட்டும்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா