புளிப்பு என்றால் புளிப்புதான்

மார்ச் 3
இன்றும் ஒரு லாரிப் பாலைத் திருப்பி அனுப்பினேன். ஆய்வகக் கருவி நல்ல பால் என்கிறது, என் நாக்கு புளிப்பு என்கிறது. பால் பண்ணையில் சுவை பார்க்க என்னை வைத்திருப்பது கருவிக்குத் தலையாட்டவா?

மேலாளர், "ஒரே வாரத்துல நாலாவது வண்டிம்மா" என்றார்.

"எத்தனை வந்தாலும் புளிச்சா புளிப்புதான் சார்."

மார்ச் 5
குரல் கம்மிவிட்டது. எல்லாம் இவர்களோடு கத்தித்தான்.

மார்ச் 6
படுத்தால் இருமல். தொண்டையில் ஏதோ அடைத்த மாதிரி, எச்சில் விழுங்கினாலும் போகவில்லை. "வயிறு முட்டச் சாப்பிட்டு உடனே படுத்தா வேற என்ன ஆகும், டாக்டரைப் பாரு" என்கிறார் வீட்டுக்காரர். இருமலுக்கெல்லாம் டாக்டரா? மாட்டேன்.

மார்ச் 9
என் நாக்கு கெட்டுவிட்டதாம், பால் பாக்கெட் போடும் பிரிவுக்குப் போக வேண்டுமாம். முடியாது என்றேன். "அப்ப ஒரு மாசம் லீவுல போங்க" என்றார் மேலாளர். போகிறேன். திரும்பியும் வருவேன்.

மார்ச் 10
குனிந்து அடுப்படியைத் துடைத்தேன். நெஞ்சு எரிந்தது, புளித்த தண்ணீர் தொண்டை வரை எதுக்களித்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். லாரிப் பாலில் இருந்த அதே புளிப்பு —

அப்போ நான்தானா? திருப்பி அனுப்பினதெல்லாம் நல்ல பாலா?

வெட்கமாக இருக்கிறது. அதைவிடக் கோபமாக இருக்கிறது.

மார்ச் 11
டாக்டரம்மா கேட்டதற்கெல்லாம் ஆமாம் என்றேன். "நெஞ்செரிச்சல், காலைல வாய்ப்புளிப்பு, குரல் கம்மல், இருமல் எல்லாத்துக்கும் காரணம் ஒண்ணுதான். வயித்து அமிலம் மேல ஏறுது." மாத்திரை, உயர்த்திய தலைமாடு, சாப்பிட்டதும் படுக்கக் கூடாது. விழுங்க முடியாவிட்டாலோ காரணமில்லாமல் எடை குறைந்தாலோ உடனே வர வேண்டும்.

"வேலையை விடணுமா?"

"எதுக்கு விடணும்?"

ஏப்ரல் 9
இப்போதெல்லாம் காலையில் வாய் புளிப்பதில்லை. மேலாளரிடம் நானே போய்ச் சொன்னேன். "தப்பு என்னுதுதான் சார். ஆனா பாக்கெட் பிரிவுக்குப் போக மாட்டேன். நல்ல பால் கோப்பைகளுக்கு நடுவுல புளிச்சதையும் வைங்க, கண்டுபிடிக்கலைன்னா நானே போறேன்."

கோப்பைகளை வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றாக ருசித்துத் துப்பினேன். ஒன்றும் தெரியவில்லை. மறுபடியும் முதலிலிருந்து. ஏதாவது ஒன்றைக் காட்டிவிட்டால் என்ன?

காட்டவில்லை. "எதுவும் புளிக்கலை சார். எல்லாம் நல்ல பால்."

அவர் கோப்பைகளை ஓரமாகத் தள்ளினார்.

"நான் புளிச்சதை வைக்கவே இல்லம்மா. வெளிய பால் வண்டி நிக்குது, போய் ருசி பாருங்க."